முகாமில் தண்ணீர் யார் பொறுப்பு?

ட்ரெக் லீடர் வேலைக்கான நேர்காணலில் உயர நோயைப் பற்றிக் கேட்பார்கள். முதலுதவி தெரியுமா, வழி தவறினால் என்ன செய்வீர்கள், கோபக்கார வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் வேலையில் சேர்ந்து முதல் முகாமை அடைந்ததும் பத்துப் பேர் காலி பாட்டிலோடு உங்கள் முன்னால்தான் வந்து நிற்பார்கள்.

உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திலோ, அதைவிடப் பதினோரு ஆண்டு மூத்த டார்ஜிலிங் நிறுவனத்திலோ அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு உத்தரகண்ட், இமாச்சல், சிக்கிம் பாதைகளில் வேலை தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுயிர்க் கணக்கெடுப்புக்கும் கள ஆய்வுக்கும் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பாட்டில் தண்ணீர் வாங்கிச் சுமக்கலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதோடு, சிக்கிம் 2022 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பாட்டில் குடிநீருக்குத் தடை போட்டுவிட்டது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும்கூடச் சின்ன பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. ஓடையில் பிடித்துச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

குழுவுக்கு அதற்கு ஏற்றது கிராவிட்டி ஃபில்ட்டர். அது சிக்கலான சாமான் அல்ல. மேலே அழுக்கு நீர்ப் பை, அதிலிருந்து இறங்கும் டியூப், டியூபின் வழியில் ஃபில்ட்டர், கீழே சுத்த நீர் வாங்கும் பையோ பாட்டிலோ. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுவது போலத் தண்ணீர் தானாக இறங்கும். பம்ப் அடிக்க வேண்டாம், பையைப் பிழிய வேண்டாம். நீங்கள் கூடாரங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது அது தன் வேலையைப் பார்க்கும். தனியாக நடப்பவருக்குக் கையால் பிழியும் வகையே போதும். குழுவை அழைத்துப் போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. நாற்பது லிட்டர் பிழிந்தபின் அந்தக் கையால் யாருடைய கணுக்காலுக்கும் கட்டுப் போட முடியாது.

முதலில் கணக்கு

பத்து வாடிக்கையாளர், நீங்கள், ஓர் உதவியாளர். மலையில் நடக்கும் நாளில் ஆளுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர். ஆக நாளொன்றுக்கு நாற்பது லிட்டருக்கு மேல். டீ, சூப், இரவில் கொடுக்கும் வெந்நீர் என்று ஒரு பங்கு சமையல் கூடாரத்திலிருந்து கொதித்தே வந்துவிடும். மீதி முப்பது லிட்டர் உங்கள் தலையில்.

இன்று சந்தையில் இருக்கும் எடை குறைந்த ஃபில்ட்டர்கள் பெரும்பாலும் உள்ளீடற்ற நுண்குழல்களால் ஆனவை. குழல் சுவரில் 0.1 அல்லது 0.2 மைக்ரான் துளைகள் இருக்கும். ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால், புதிதாக இருக்கும்போது லிட்டருக்கு இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். நாலைந்து நாள் ஓடை நீர் ஓடிய பிறகு, குளிரும் வண்டலும் சேர்ந்தால், ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. முப்பது லிட்டருக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. மாலை நாலு மணிக்கு முகாமை அடைந்து ஆறு மணிக்கு இருட்டப் போகிற இடத்தில் ஒரே ஃபில்ட்டரை நம்பினால் என்னவாகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

அதனால் குழுவுக்கு இரண்டு செட். சாயர் ஸ்க்வீஸ் போன்ற ஃபில்ட்டர் 85 கிராம். மூன்று லிட்டர் மடிப்புப் பை நூறு கிராம் அளவில் வரும். டியூபும் சின்னக் குழாய்த் திருகும் ஐம்பது அறுபது கிராம். இரண்டு செட்டும் சேர்ந்து அரை கிலோ, அதாவது அரை லிட்டர் தண்ணீரின் எடை. ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்றது ஓடும். தயார் நிலையில் வரும் பெரிய செட்டுகளும் உண்டு. நான்கு லிட்டர் பைகள் இரண்டோடு முந்நூறு கிராம் அளவில் கிடைக்கும், பொருத்துவது சுலபம், விலை அதிகம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது புது ஃபில்ட்டரிலும் தெளிந்த நீரிலும் அளந்தது.

வீட்டிலேயே பாகம் சேர்த்துக் கட்டுகிறவர்கள் திருகு அளவைக் கடையில் நின்றே பார்த்துவிடுங்கள். பல ஃபில்ட்டர்கள் 28 மில்லிமீட்டர் வாய்க்குப் பொருந்தும். சோடா, கோலா பாட்டில்கள் பெரும்பாலும் ஒத்துவரும். ரயில் நிலையத்தில் வாங்கும் தண்ணீர் பாட்டில்களின் வாய் பல சமயம் ஒத்துவராது. கேட்டடின் பிஃப்ரீ ஃபில்ட்டரின் வாய் 42 மில்லிமீட்டர், அதற்கென்று தனிப் பை வேண்டும். டியூபுக்கு உணவுத் தர சிலிக்கான் வாங்குங்கள், உள் விட்டம் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாமல். மீன்தொட்டிக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் டியூப் மலிவுதான், ஆனால் அது குடிநீருக்காகச் செய்ததல்ல. வெயிலில் கிடந்தால் நாற்றமும் அடிக்கும்.

எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்

வாடிக்கையாளர் நிச்சயம் கேட்கும் கேள்வி இது. “எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடும் சார்” என்று சொல்லிவிடாதீர்கள்.

குடல் ஒட்டுண்ணியான ஜியார்டியாவின் கூடு எட்டு முதல் பன்னிரண்டு மைக்ரான். இன்னோர் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியம் நாலு முதல் ஆறு. பெரும்பாலான பாக்டீரியாக்கள் அரை மைக்ரானும் அதற்கு மேலும். இவையெல்லாம் 0.1 மைக்ரான் துளையில் நின்றுவிடும். வைரஸ் நிற்காது. ஹெபடைடிஸ் ஏ வைரஸின் விட்டம் மைக்ரானில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான், நோரோவைரஸும் அதே ரகம். தாராளமாகப் புகுந்து வெளியேறும். கரைந்திருக்கும் உப்பு, பூச்சிக்கொல்லி, உலோகம் எதையும் இந்த ஃபில்ட்டர் தொடாது.

இதிலிருந்து வேலைக்கு உதவும் விதி ஒன்று கிடைக்கிறது. நீர் எடுக்கும் இடத்துக்கு மேலே மனிதர் வசிக்கிறார்களா என்று பாருங்கள். ஹர் கி துன் பாதையில் ஓஸ்லா போன்ற ஊர்களுக்குக் கீழே ஓடும் தண்ணீரும், ஊர்களையெல்லாம் தாண்டி மேலே போனபின் பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்றும் ஒன்றல்ல. மேலே ஊர் இருந்தால், வேறு குழுவின் முகாம் இருந்தால், ஃபில்ட்டரோடு குளோரின் மாத்திரையும் சேருங்கள். முதலில் வடிகட்டி, பிறகு சுத்தப் பையில் மாத்திரை. வைரஸைக் குளோரின் கொல்லும். குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியத்தை ஃபில்ட்டர் ஏற்கெனவே பிடித்திருக்கும். அட்டையில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும், நீர் ஜில்லென்று இருந்தால் இன்னும் கூடுதலாக. மேலே மனிதர் இல்லை, ஆடு மாடு மட்டும்தான் என்றால் ஃபில்ட்டர் போதும். காஷ்மீரின் ஏரிப் பாதைகளில் கோடையில் குஜ்ஜர், பக்கர்வால் இடையர்களின் மந்தைகள் கரையோரமாகவே மேயும். அங்கே இடையரின் முகாம் எங்கே என்றும் பார்க்க வேண்டும். “பனி உருகி வருகிற தண்ணி, அப்படியே குடிக்கலாம்” என்று யாராவது சொன்னால் மேலே ஏறிப் புழுக்கையைக் காட்டுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். வால்பாறை, மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்து இறங்கும் ஓடையில் தண்ணீர் எடுக்காதீர்கள். தெளித்த மருந்து மழையில் கரைந்து வரும், நுண்குழலுக்கு அதைத் தடுக்கும் சக்தி இல்லை. இரண்டாவது எலிக்காய்ச்சல். அதை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா பாக்டீரியாதான் என்றாலும், சுருள் கம்பி போல மெலிந்தது. அதன் தடிமன் 0.1 மைக்ரான் அளவுதான், 0.2 மைக்ரான் துளைக்குள் நெளிந்து போய்விடும். மழைக்காலத்தில் தேங்கிய நீரையோ சேற்று ஓடையையோ தவிர வேறு வழியில்லை என்றால், வடிகட்டிய பிறகு கொதிக்கவைத்தே குடியுங்கள்.

கொதிக்கவைப்பதற்கும் மலையில் ஒரு கணக்கு உண்டு. நாலாயிரம் மீட்டரில் தண்ணீர் 87 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது, தளதளவென்று கொதிக்கும் நிலையில் சமவெளியில் ஒரு நிமிடம், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். கை பொறுக்காத அளவு சூடாகிவிட்டது என்று அடுப்பிலிருந்து இறக்கினால் அது கொதித்த நீர் அல்ல. சமையல்காரரிடம் முதல் நாளே மரியாதையாகச் சொல்லி வையுங்கள். கட்வால் பக்கம் “பைஜி” என்று அழைத்துப் பேசினால் காரியம் நடக்கும். மூன்று நிமிடம் கூடுதலாக எரிவது அவருடைய கேஸ் என்பதும் நினைவிருக்கட்டும். அதைப் பயணப் பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லி அலுவலகத்தில் பேச வேண்டியது நீங்கள்.

கட்டும் முறை

தண்ணீரைத் தள்ளுவது உயரம் மட்டுமே. பத்து சென்டிமீட்டர் நீர் உயரம் ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல் அழுத்தம் தரும். ஒரு மீட்டருக்குப் பத்து. கையால் பிழிவதோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம்தான், அதனால் கிடைக்கிற ஒவ்வொரு சென்டிமீட்டரையும் பயன்படுத்த வேண்டும். உயரத்தை அளக்க வேண்டியது மேல் பையின் நீர் மட்டத்திலிருந்து சுத்த நீர் வெளியே வரும் வாய் வரை. பலர் ஃபில்ட்டரைப் பையின் வாயிலேயே திருகிவிட்டு, கீழே டியூப் இல்லாமல் சொட்டவிடுகிறார்கள். அப்போது தள்ளுவது பைக்குள் இருக்கும் இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர் நீர்தான். பையை மரத்தின் உச்சியில் கட்டினாலும் வேகம் கூடாது.

பைக்கும் ஃபில்ட்டருக்கும் இடையே ஒரு மீட்டருக்குக் குறையாத டியூப் போட்டு, ஃபில்ட்டரைக் கீழே வையுங்கள். அதன்பின் ஒரு சாண் டியூப் போதும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நனைந்த நுண்குழல் தண்ணீரை விடும், காற்றை விடாது. அழுக்குப் பக்கம் காற்று புகுந்துவிட்டால் அது வெளியேற வழியில்லாமல் குழல்களின் மேல் குந்திக்கொள்ளும். பை நிறைந்திருக்கிறது, டியூப் சரியாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் ஃபில்ட்டர் அடைத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் இந்தக் காற்றைச் சந்தேகியுங்கள். ஃபில்ட்டர் கீழே, டியூப் அகலம் என்றால் குமிழி தானாகவே மேலேறிப் பைக்குப் போய்விடும். போகாவிட்டால் சுத்தப் பையை அழுக்குப் பைக்கு மேலே அரை நிமிடம் தூக்கிப் பிடியுங்கள். வடித்த நீர் திரும்பி ஓடி, குமிழியை மேலே தள்ளிவிடும். வண்டலும் கொஞ்சம் கழுவப்படும். புது ஃபில்ட்டரை முதல் நாள் காலையில் அவசரமாக மாட்டாதீர்கள். புறப்படும் முன்பே நனைத்து ஓடவிட்டுப் பாருங்கள்.

தொங்கவிடும் இடம் முகாமைப் பொறுத்தது. ஓக், தேவதாரு இருக்கும் உயரம் வரை கிளை கிடைக்கும். அதற்கு மேலே பாறைதான். பையைப் பெரிய பாறையின் தலையில் படுக்கவைத்து டியூபைச் சரிவில் இறக்கினாலே போதும், தொங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இரண்டு நடைக்கோல்களைச் சேர்த்துக் கட்டி நிறுத்தலாம். உணவுக் கூடாரத்தின் நடுக் கம்பம் மூன்று நாலு கிலோவைத் தாங்கும். படுக்கும் கூடாரத்தின் வளைகம்பியில் மாட்ட வேண்டாம். ஆனைமலை, அகத்தியமலைப் பக்கம் வேறு பிரச்சினை. ஓடைக்கரையிலேயே பையைத் தொங்கவிட்டு அந்தி வரை உட்கார்ந்திருக்கக் கூடாது, அது யானை இறங்கும் நேரம். வெளிச்சத்திலேயே நீரைப் பிடித்துக்கொண்டு முகாமுக்கு வந்து கட்டுங்கள். குரங்குகள் இருக்கும் இடத்தில் ஆள் இல்லாமல் பையை விட்டுப் போனால் திரும்பி வரும்போது பையில் ஓட்டை இருக்கும்.

நீர் பிடிப்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். அகல வாய்ப் பை வாங்கச் சொல்வது இதற்குத்தான். குறுகிய வாய்ப் பையை ஆழமில்லாத ஓடையில் நிரப்பவே முடியாது. அப்படி ஒன்று கையில் இருந்தால் அடியை வெட்டிய பாட்டிலோ ஒரு டம்ளரோ கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பனியாற்றிலிருந்து வரும் ஓடைகளில் பாறை அரைந்த மாவு கலந்திருக்கும், பார்க்கச் சாம்பல் பால் போல. ஃபில்ட்டரை இதைப் போல வேகமாக அடைக்கும் பொருள் வேறில்லை. வெயில் ஏற ஏற உருகல் கூடி, பிற்பகலில் ஓடை கலங்கும். விடியற்காலையில் அதே ஓடை தெளிவாக இருக்கும். எனவே மறுநாள் குடிக்கும் நீரை முந்தைய மாலை கலங்கலாகப் பிடித்து வடிகட்டுவதைவிட, சமையல் கூடாரத்தின் கேனில் இரவு முழுக்கத் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் பையில் ஊற்றுவது நல்லது. கேனின் அடியில் நாலு விரல் உயரத்தைத் தொடாதீர்கள். அவசரம் என்றால் படிகாரத் துண்டை நாலு சுற்றுச் சுற்றி அரை மணி நேரம் விடலாம். கிராமத்தில் தேற்றாங்கொட்டை உரைத்த பானையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பைக்குள் ஊற்றும்போது வாயில் துணி கட்டுங்கள். பருத்தித் துணியை நாலாக மடித்தது போதும். பங்களாதேஷின் மத்லாப் பகுதியில் ரீட்டா கோல்வெல்லும் அன்வர் ஹக்கும் சேர்ந்த குழு பழைய சேலைத் துணியை மடித்து வடிகட்டச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தது. காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, 2003-ல் வெளியான ஆய்வு அது. மலையில் துணியின் வேலை ஃபில்ட்டரின் ஆயுளைக் காப்பது. அட்டைப்பூச்சிக் குட்டிகள் உள்ளே போகாமலும் பார்த்துக்கொள்ளும்.

குளிர் செய்யும் இரண்டு வேலைகள்

ஒன்று வெளிப்படையானது. முப்பது டிகிரி நீரைவிட உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் நீரின் பாகுத்தன்மை இருமடங்கு. சென்னையில் மொட்டை மாடிக் குழாய்த் தண்ணீரை விட்டு லிட்டருக்கு இரண்டரை நிமிடம் என்று அளந்தீர்களானால், நாலாயிரம் மீட்டர் முகாமில் ஐந்து நிமிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஃபில்ட்டரைக் குறை சொல்ல வேண்டாம். முடிந்தால் பகல் வெயிலில் பையைப் பாறை மேல் ஒரு மணி நேரம் கிடத்திவிட்டு வடிகட்டுங்கள்.

இன்னொன்று ஆபத்தானது, கண்ணுக்குத் தெரியாதது. ஒருமுறை நனைந்த நுண்குழலை எவ்வளவு உதறினாலும் உள்ளே நீர் தங்கும். இரவில் அது உறைந்தால் விரிந்து குழலைக் கிழிக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. காலையில் தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாகவே வரும், வாடிக்கையாளர்கள் பாராட்டவும் செய்வார்கள். ஆகவே சூரியன் மறைந்ததும் ஃபில்ட்டரைக் கழற்றி, உதறி, ஜிப் உறையில் போட்டு, உங்கள் ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் வையுங்கள். பனிக்காலத்துக் கேதார்காந்தா போன்ற பாதைகளில் பகலிலும் சட்டை உட்பையில்தான் அதற்கு இடம். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. முழுக்க நனைந்த ஃபில்ட்டரின் சுத்தப் பக்கம் சுத்தமான டியூபை மாட்டி ஊதுங்கள். நல்ல குழல் காற்றை விடாது. அழுக்குப் பக்கம் குமிழி வந்தால் அந்த ஃபில்ட்டர் முடிந்தது. குமிழி வராவிட்டாலும், இரவு முழுக்க வெளியே உறைந்து கிடந்தது நிச்சயமாகத் தெரிந்தால் நான் அதைக் குழுவுக்குக் கொடுக்க மாட்டேன். அன்றிலிருந்து கொதிநீர்தான்.

கை

முகாமில் வயிற்றுப்போக்கு வந்தால் எல்லோரும் ஓடையையும் ஃபில்ட்டரையும் பார்ப்பார்கள். நாட்களை எண்ணிப் பாருங்கள். ஜியார்டியா உடலுக்குள் போய் நோயாக வெளிப்படப் பெரும்பாலும் ஒரு வாரமாவது ஆகும், இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். இரண்டாம் நாளே ஒருவர் சுருண்டு படுத்தால் முதல் நாள் குடித்த நீரில் இருந்த ஜியார்டியா காரணமாக இருக்க வாய்ப்பில்லை. நோரோவைரஸ் பன்னிரண்டு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பிடிக்கும், அது கையிலிருந்து கைக்கும் பாத்திரத்துக்கும் தாவும். ஃபில்ட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, கழிப்பறைக் கூடாரத்துக்கு வெளியே சோப்பும் தண்ணீரும் வைக்க மறந்த முகாம்கள் ஏராளம். என் கணிப்பில், நல்ல ஃபில்ட்டர் இருந்தும் தோற்கும் இடம் அதன் கடைசி ஒரு சாண்தான்.

அந்த ஒரு சாணில் என்ன நடக்கிறது? ஓடையில் பை நிரப்பிய ஈரக் கையோடு சுத்த டியூபின் வாயைப் பிடித்துப் பாட்டிலுக்குள் நுழைக்கிறார் ஒருவர். கையிலிருந்து வடிகட்டாத நீர் சொட்டுகிறது. பாட்டில் நிறைந்ததும் டியூபைப் புல்லில் போடுகிறார், அதே புல்லில்தான் காலையில் கோவேறு கழுதை நின்றது. அடுத்தவர் அதே வாயை எடுத்துத் தன் பாட்டிலுக்குள் விடுகிறார். 0.1 மைக்ரான் எல்லாம் வீண்.

திருத்துவது சுலபம், பழக்கமாக்குவதுதான் கஷ்டம். அழுக்குப் பை, அதன் டியூப், ஃபில்ட்டரின் நுழைவாய் மூன்றிலும் சிவப்பு டேப் ஒட்டுங்கள். சுத்தப் பக்கம் நீல டேப். சிவப்பைத் தொட்ட கை சோப்பில் கழுவாமல் நீலத்தைத் தொடக் கூடாது. இரண்டு முனைகளும் ஒரே திருகாக இருந்தால் இருட்டில் மாற்றி மாட்டிவிடுவார்கள், அப்படி ஒரே ஒரு தடவை ஓடினாலும் சுத்தப் பக்கம் கெட்டுவிடும். சுத்த முனையில் மட்டும் வேறு வகை இணைப்பைப் போட்டுவிட்டால் மாற்றி மாட்டவே முடியாது. நீல டியூபின் வாய்க்கு மூடி வேண்டும், மூடி நூலில் கட்டியிருக்க வேண்டும். டியூபை ஒவ்வொருவரின் பாட்டிலுக்குள்ளும் விடாமல் ஒரு பெரிய சுத்தப் பையில் இறக்கி, அதன் குழாயிலிருந்து ஊற்றிக் கொடுப்பது மேல். வரிசை நின்றாலும் பரவாயில்லை.

பொறுப்பை எழுதி வைப்பது

“யாராவது தண்ணி போடுங்க” என்ற வாக்கியம் முகாமில் வரக் கூடாது. அன்றைய தண்ணீர் ஆள் யார் என்று காலையிலேயே பெயர் சொல்லுங்கள். உதவி லீடராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் முதல் பயணத்திலேயே இந்த வேலையை நீங்களாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் ஒழுங்கை மூத்த லீடர் கவனிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. மதியம் உறங்கி எழுந்து அல்ல, முகாமை அடைந்த முதல் பதினைந்து நிமிடத்தில் பை தொங்கியிருக்க வேண்டும். கூடாரம் எழும்பும்போது பாதி நீர் இறங்கிவிடும்.

ஒரு சின்ன நோட்டில் முகாமுக்கு ஒரு வரி எழுதுங்கள். நீர் எங்கே, அதற்கு மேலே என்ன இருக்கிறது, எங்கே தொங்கவிட்டோம், லிட்டருக்கு எத்தனை நிமிடம், மாத்திரை போட்டோமா. அடுத்த குழுவோடு வரும் லீடருக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். நிமிடக் கணக்கு நாளுக்கு நாள் ஏறுவதைப் பார்த்தே கழுவும் நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். கழுவுவது என்றால் சுத்தப் பக்கத்திலிருந்து சுத்த நீரை எதிர்த்திசையில் தள்ளுவது. ஓடை நீரால் அல்ல. பலரும் அடைத்துக்கொண்ட பிறகு கழுவுகிறார்கள். தினமும் மாலையில், கடைசி லிட்டரைக் கொண்டு கழுவிவிட்டால் அந்த நிலை வராது.

பயண நாள் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: தண்ணீர் சாமான் நிறுவனம் தருகிறதா, உங்களுடையதா? உங்களுடையது என்றால் ஃபில்ட்டர் மாற்றும் செலவு யாருடையது? சில ஆயிரம் ரூபாய்ச் சாமான், ஒரு சீசனில் உறைந்தோ அடைத்தோ போகக்கூடியது. நிறுவனத்துடையது என்றால் எடுத்துக்கொள்ளும்போதே லிட்டர் நேரத்தை அளந்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஸ்டோர் ரூமில் போன பனிக்காலம் முழுக்க ஈரத்தோடு கிடந்த ஃபில்ட்டரைத் துடைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்போது ஊதிப் பார்க்க வெட்கப்படாதீர்கள்.

சீசன் முடிந்து ஊருக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கும். சென்னை, கோவை போர்வெல் தண்ணீரில் ஃபில்ட்டரை அலசி அப்படியே காயவைக்காதீர்கள். உப்பு நீர் காய்ந்தால் சுண்ணாம்பு துளைகளில் படிந்து, அடுத்த சீசனில் தண்ணீரே இறங்காது. ஆர்ஓ தண்ணீரையோ மருந்துக்கடை டிஸ்டில்டு வாட்டரையோ எடுத்து எதிர்த்திசையில் தள்ளுங்கள். பிறகு தயாரிப்பாளர் சொல்லும் அளவில் ப்ளீச் கலந்த நீரை ஒருமுறை ஓடவிட்டு, நிழலில் பல நாள் காயவைத்து எடுத்து வையுங்கள். ஏற்கெனவே சுண்ணாம்பு பிடித்துவிட்டதென்றால் வெள்ளை வினிகரில் ஊறவைத்துத் திரும்பத் தள்ளினால் பெரும்பாலும் வழி திறக்கும். வினிகரையும் ப்ளீச்சையும் மட்டும் ஒரே நேரத்தில் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். இரண்டுக்கும் நடுவே நல்ல நீரால் நன்றாக அலசுங்கள். அடுத்த பயணத்துக்கு ரயில் ஏறும் வாரத்தில் மறுபடி ஒரு லிட்டர் விட்டு நேரத்தைப் பாருங்கள். போன வருடம் நோட்டில் எழுதிய எண்ணைவிட இரண்டு மடங்கு ஆனால் புதிது வாங்க அலுவலகத்துக்கு எழுதிப் போட வேண்டிய நேரம் அது, மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அல்ல.